பில் கையில், வரவு யார் கையில்?

கடந்த நிதியாண்டின் பில்களுக்கு ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க நவம்பர் 30 கடைசி நாள். ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளே கடைசி. "பில் இருக்கிறது, வரியோடு பணமும் கொடுத்தாயிற்று, ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி பட்டியலில் மட்டும் வரவைக் காணோம்" என்று கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன.

'ஒரே நாடு, ஒரே வரி' என்ற முழக்கத்தைப் பெட்ரோல், டீசல், மதுவை வெளியே நிறுத்திய ஒரு வரிக்குப் பொருத்துவது கஷ்டம். ஜிஎஸ்டியின் நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு கலால் வரி சேர்ந்த விலையின் மேல் மாநிலம் வாட் போட்டது. இப்போது இரும்பு கேட் செய்யும் பட்டறை 1 லட்சத்துக்குத் தகடு வாங்கி 18,000 வரி கொடுக்கிறது. கேட்டை ஒன்றரை லட்சத்துக்கு விற்று 27,000 வசூலிக்கிறது. அரசுக்குக் கட்டுவது 9,000 மட்டும். அந்த 18,000-க்காகவே பட்டறைக்காரர் தகடு விற்றவரிடம் பில்லை விடாமல் கேட்பார். அதிகாரி செய்ய வேண்டிய காவலை வாங்குபவரின் சுயநலமே செய்துவிடுகிறது, கெட்டிக்கார ஏற்பாடுதான். கேட்டை வீட்டுக்கு வாங்குபவருக்கு வரவு கிடையாது, அதனால் "பில் வேணுமா சார்?" என்ற கேள்வி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

உறுத்துவது இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். விற்றவர் பில்லைத் தன் கணக்கில் ஏற்றாவிட்டால் 2022 ஜனவரி முதல் உங்களுக்கு வரவு இல்லை. ஏற்றிவிட்டு, வரி கட்டும் 3பி படிவத்தை செப்டம்பர் 30-க்குள் தாக்கல் செய்யாவிட்டால், எடுத்த வரவை நவம்பர் 30-க்குள் நீங்கள் திருப்ப வேண்டும், தவறினால் வட்டி. அவர் பிறகு தாக்கல் செய்தால் மீண்டும் எடுக்கலாம். கட்டாதவரைப் பிடிக்கும் அதிகாரம் அரசிடம், அவர் கட்டாததன் சுமை உங்களிடம். எல்லாம் கணினியே பொருத்திப் பார்க்கும் என்றார்கள். 2017-இல் அறிவித்த பொருத்தும் முறை சில மாதங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே இந்த வாரம் 2பி-யைப் பில் கட்டோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களுக்குப் போன் போடுங்கள்.

இனி வேறு சில கேள்விகள். விற்றவருக்குப் பணம் தர 180 நாள் தாண்டினால்? வரவைத் திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பின் மறுபடி எடுக்கலாம்.

காம்போசிஷன் (சிறு வணிகருக்கான எளிய வரித் திட்டம்) கடையில் வாங்கினால்? வரவு இல்லை, அவர் பில்லில் வரி போடவே கூடாது.

ஏற்றுமதிக்கு? வரி பூஜ்யம், உள்ளே கட்டியதைத் திரும்பக் கேட்கலாம்.

ஓட்டலில் 5 சதவீதம்தானே? அந்த ஓட்டலுக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. கடை வாடகைக்கு அது கட்டிய வரியும் தோசை விலைக்குள் இருக்கிறது.