கருப்பு வந்தா சிசிடிவியில தெரியுமா?

பழைய மர்மத் தொடர் இப்பவும் தாங்குமான்னு பார்க்க என்கிட்ட ஒரு டெஸ்ட் இருக்கு. கதைக்குள்ள ஒரு சிசிடிவி கேமராவையும் ஒரு ஸ்மார்ட்போனையும் வச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் கதையில ஏதாவது மிச்சம் இருக்கா?

முதல்ல ‘சிஐடி’. 1998 ஜனவரியில் சோனியில் ஆரம்பிச்சு 2018 வரைக்கும் ஓடின இந்தி போலீஸ் தொடர். தயா கதவை உடைக்கிற மீமை நீங்களும் ஃபார்வர்ட் பண்ணியிருப்பீங்க. அந்த ராத்திரி யார் எங்கே இருந்தாங்கன்னு தேடுறதுலயே பல எபிசோட் ஓடும். இன்னைக்கு டவர் லொகேஷன் எடுத்தா பாதிக் கதை காலி. டாக்டர் சாலுங்கே ரிசல்ட் சொல்ற வேகம் வேற! நம்ம லேப்ல ஒரு ரீடிங் ஒழுங்கா வரவே ஒரு மதியம் போயிடுது. ஆனா 2004-ல 111 நிமிஷ எபிசோடை கட்டே இல்லாம ஒரே ஷாட்ல எடுத்தாங்க. அதை மட்டும் கிண்டல் பண்ண மனசு வரல.

இப்போ நம்ம ஊர் சரக்கு: ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், 90-களின் கடைசியில் சன் டிவி. ஒரு கிராமத்துல தப்பு பண்றவங்க ஒவ்வொருத்தரா சாகிறாங்க. குதிரையில வந்து தண்டிக்கிறது கருப்புசாமிதான்னு ஊர் நம்புது. சாமியா, ஆளா? கேள்வி அவ்வளவுதான்.

குறை இருக்கு. வாரம் ஒரு எபிசோட்னு எடுத்தது. அதனால மொத்தமா உட்கார்ந்து பார்த்தா, ஏற்கெனவே தெரிஞ்சதையே திரும்பச் சொல்ற மாதிரி இருக்கும். கடைசியில வர்ற மனநல விளக்கம் ரொம்ப சினிமாத்தனம். சைக்காலஜி படிக்கிற ஃப்ரெண்டோட பார்த்தீங்கன்னா அடி விழும்.

ஆனாலும் என் டெஸ்ட்டுல பாஸ். ஏன்னு எனக்குப் புரிஞ்சது சின்ன காஞ்சிபுரத்துல பாட்டி வீட்டுலதான். லீவுல தறி ஓய்ஞ்ச நேரமாப் பார்த்து போன்ல போட்டுக் காட்டினேன். அவங்க அந்தக் காலத்துலயே பார்த்தவங்க.

“பாட்டி, கருப்பு யாருன்னு ஞாபகம் இருக்கா?”

“யாரா இருந்தா என்னடி? செத்தவன் யோக்கியனா?”

கவனிச்சீங்களா? ஊர் எல்லையில கேமரா வச்சா குதிரைக்காரன் பதிவாவான், சரி. ஆனா அந்த ஃபுட்டேஜை ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போறது யாரு? செத்தவன் மேல ஏற்கெனவே கோவத்துல இருக்கிற ஊரு, சாமி கொடுத்த தண்டனைன்னு நம்புது. புகாருக்கே ஆள் வராது. சாட்சியே வாயைத் திறக்காத இடத்துல டவர் லொகேஷன் என்ன பண்ணும்? ‘சிஐடி’யில பிணம் கிடைச்சதும் ஊரே ஒத்துழைக்கும். இங்க ஊர்தான் பூட்டு.

யூடியூப்ல இருக்கு. பிக்சர் குவாலிட்டி சுமார்தான், சின்ன ஸ்க்ரீன்லயே பாருங்க. கமெண்ட்ஸை மட்டும் திறக்காதீங்க, கருப்பு யாருன்னு அங்க போட்டு உடைச்சு வச்சிருப்பாங்க.