‘ஆன்’ என்றால் 80 கிலோ, ‘இன்’ என்றால் 40

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு டேனரி லேபில் சேரும் பிள்ளைகளுக்குக் கணக்கு கைகொடுக்கும், வேதியியலும் கைகொடுக்கும். தடுமாறுவது ஆன், இன், டு, பை என்ற பொடிச் சொற்களில்தான். டீ ஆறுவதற்குள் சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

குரோம் டேனிங் ரெசிபியில் ‘8 பர்சென்ட் ஆன் பெல்ட் வெயிட்’ என்று இருக்கும். பெல்ட் என்பது சுண்ணாம்பு போட்டு மயிரும் சவ்வும் நீக்கிய தோல். அந்தத் தோலின் எடையில் நூற்றுக்கு எட்டு குரோம் பவுடர் போடு என்பது பொருள். 1000 கிலோ தோலுக்கு 80 கிலோ. அதையே ‘8 பர்சென்ட் இன் வாட்டர்’ என்று எழுதினால் கணக்கு டிரம்மில் உள்ள தண்ணீருக்குப் போய்விடும். தண்ணீர் 500 லிட்டர் என்றால் விழுவது 40 கிலோதான். பாதிக் குரோமில் தோல் எப்படிப் பதமாகும்? எதன் எடையை வைத்துக் கணக்கு என்பதை ‘ஆன்’ சொல்கிறது. எதற்குள் கலந்திருக்கிறது என்பதை ‘இன்’ சொல்கிறது.

அடுத்தது டு, பை. பிக்கிள், அதாவது அமிலமும் உப்பும் போட்டு ஊறவைப்பது, முடிந்த தோலின் பிஹெச் 2.8 என்று வையுங்கள். ‘ரெய்ஸ் டு 3.8’ என்றால் 3.8-ல் கொண்டுபோய் நிறுத்து. ‘ரெய்ஸ் பை 1’ என்றால் இருப்பதோடு ஒன்று கூட்டு. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ‘பை 3.8’ என்று எழுதிவிட்டால் 6.6 ஆகிவிடும், குரோம் இழைக்குள் பிடிக்காமல் வீழ்படிவாகித் தோலின் மேலேயே தங்கிவிடும். கழிவுநீரிலும் இதே கதைதான். டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவு, ‘டு 2100’ குறைந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்புக்குள் வந்துவிட்டது. ‘பை 2100’ என்றால் மீதி எவ்வளவு என்றே தெரியாது.

இதே ‘பை’க்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘ஆக்ஸிடைஸ்ட் பை ஏர்’ என்றால் காற்றால். ‘ஆக்ஸிடைஸ்ட் டு குரோமியம் சிக்ஸ்’ என்றால் தோலிலுள்ள குரோம் குரோமியம் சிக்ஸாக மாறிவிட்டது. இந்த வரியை வெளிநாட்டு பையர் கூர்ந்து படிப்பார். உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம் சிக்ஸ் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய யூனியனின் சட்டம்.

பல இடங்களில் தமிழே வழிகாட்டும். தண்ணீரில் கரையும் என்றால் ‘சால்யுபிள் இன்’, அமிலத்தோடு வினைபுரியும் என்றால் ‘ரியாக்ட்ஸ் வித்’. வேற்றுமை உருபு அப்படியே பொருந்திவிடுகிறது. ஷூத் தோலுக்கு வரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ரெசிஸ்டன்ட் டு வாட்டர்’, ‘பெர்மியபிள் டு வேப்பர்’ இரண்டுக்குமே ‘டு’தான். எதிர்ப்பு என்றதும் ‘அகெய்ன்ஸ்ட்’ போடத் தோன்றும், போடாதீர்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதுவதும் பிழைதான், ஆனால் அதனால் ஒரு தோலும் கெடாது. நான் பயப்படுவது எண்ணை ஒட்டி நிற்கும் சொல்லுக்குத்தான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் அதை மட்டுமாவது இன்னொருமுறை படித்துவிடுங்கள்.