கலக்க மறுக்கும் பூஞ்சை

ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. உள்ளே ஊட்டம் கலந்த அகர் கூழ். ஒரே இனப் பூஞ்சையின் இரண்டு துணுக்குகளை ஆளுக்கொரு ஓரமாக வைத்து மூடிவிடுகிறார்கள். சில நாட்களில் இரண்டும் படர்ந்து நடுவில் சந்திக்கும். சில ஜோடிகள், சேர்ந்த இடமே தெரியாமல் ஒன்றாகிவிடும். வேறு சில ஜோடிகளுக்கு நடுவே வெளிறிய கோடு ஒன்று விழும், வயல்வரப்பு மாதிரி. அந்தக் கோட்டில் கிடப்பவை செத்த செல்கள்.

நமக்குத் தோல் இருக்கிறது. உடம்பு அதோடு முடிந்துவிடுகிறது. பூஞ்சைக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. அது இழைகளின் பின்னல். ஓர் இழை இன்னோர் இழையைத் தொட்டால், இடையிலுள்ள சுவர் கரைந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு உள்ளிருக்கும் சத்து, திரவம், உட்கரு எல்லாம் பொதுச்சொத்து. ஒரு மூலையில் கிடைத்த உணவு மறுமூலைக்குப் போய்ச் சேர்வது இந்த வழியாகத்தான். ஆனால் ஒட்டிய இழை அந்நியனுடையது என்றால்? அதிலிருக்கும் வைரஸும் அதே வழியில் வீட்டுக்குள் வந்துவிடும்.

இதைத் தடுக்கவே பூஞ்சைகளிடம் பொருந்தாமை மரபணுக்கள் இருக்கின்றன என்று கருதுகிறார்கள். இரு இழைகளிலும் இவை ஒரே வடிவில் இருந்தால் உறவு நிலைக்கும். ஒன்றே ஒன்று மாறியிருந்தாலும் ஒட்டிய செல் செத்துப்போகும். இழையின் குறுக்குச் சுவர்களில் சிறு துளைகள் உண்டு. கலவரம் தொடங்கியதும் அக்கம்பக்கத் துளைகள் அடைபட்டுவிடும். ஓர் அறை போகும், வீடு தப்பும்.

இந்தச் சாவு எப்படி நடக்கிறது என்பதை நமக்கு மிக நெருக்கமாகக் காட்டியது, சாணத்தில் வளரும் பொடோஸ்போரா ஆன்செரினா என்ற சின்னப் பூஞ்சை. அதில் ஒரு பொருந்தாமை மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள்: பெரிய எஸ், சின்ன எஸ். இவை தரும் புரதங்களில் 289 அமினோ அமிலங்கள். இரண்டுக்கும் வேறுபாடு வெறும் 13 இடங்களில். பிரெஞ்சு மரபியலாளர் ஜார்ஜ் ரிசே 1952இல் இந்த ஜோடியைப் பற்றி எழுதினார். அதில் ஒரு புதிர் இருந்தது. சின்ன எஸ் பூஞ்சைகளில் சில, பெரிய எஸ்ஸோடு சண்டையே போடுவதில்லை. ஆனால் சண்டை போடும் இன்னொரு சின்ன எஸ் இழை ஒரு முறை தொட்டுவிட்டால் போதும், அவையும் மாறிவிடும். மாற்றம் இழை நெடுகப் பரவும். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு எது பரவியது?

விடை கிடைக்க 45 ஆண்டுகள் ஆயின. 1997இல் போர்தோ நகர ஆய்வாளர்கள் அது பிரியான் என்று காட்டினார்கள். பிரியான் என்பது மடிப்பு மாறிய புரதம்; தன்னைத் தொடும் சக புரதத்தையும் அதே மாதிரி மடியவைக்கும். மாடுகளின் மூளையைக் கரைத்த நோயால் இந்தப் பெயர் நமக்குப் பயங்கரமாக ஒலிக்கிறது. இங்கேயோ அது காவல் வேலை செய்கிறது. சின்ன எஸ் புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நார்போல நிற்கும். பெரிய எஸ் புரதம் அந்த நாரைத் தொட்டதும் அதன் வால்பகுதி அதே அச்சில் மடிகிறது. அந்த இழுப்பில் தலைப்பகுதி குலைந்து, செல்லின் சவ்வில் பாய்ந்து ஓட்டை போடுகிறது. நம் உடம்பில் கிருமி புகுந்த செல் தன்னை அழித்துக்கொள்ளும் முறைகளில் ஒன்றிலும், ஏறக்குறைய இதே சாயலில் ஒரு புரதம் சவ்வைத் துளைக்கிறது. சாணப் பூஞ்சைக்கும் நமக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது என்னை இன்னும் வியக்கவைக்கிறது.

இந்தக் காவல் மனிதனுக்குக் குறுக்கே நின்ற கதையும் உண்டு. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் செஸ்ட்நட் மரங்களின் பட்டை வெடித்துக் காய்வதைக் கண்டார்கள். கிழக்காசியாவிலிருந்து வந்த கிரைஃபோனெக்ட்ரியா பாரசிட்டிகா என்ற பூஞ்சையின் வேலை அது. சில பத்தாண்டுகளில் 300 முதல் 400 கோடி மரங்கள் போயின. 1938இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் அது தென்பட்டது. ஆனால் அங்கே 1950களில் சில மரங்களின் புண் தானாக ஆறத் தொடங்கியது. அங்கே பூஞ்சையே ஒரு வைரஸ் தொற்றி வலுவிழந்திருந்தது. பிரான்சில் ஆய்வாளர் ழான் கிராந்த் இந்த நோயாளிப் பூஞ்சையை வளர்த்து, புண்ணைச் சுற்றிப் பட்டையில் துளையிட்டு நிரப்பினார். இழைகள் ஒட்டின, வைரஸ் கடந்தது, மரம் பிழைத்தது.

அமெரிக்காவில் அதே வைத்தியம் பெரும்பாலும் பலிக்கவில்லை. இந்தப் பூஞ்சையில் நன்கு அறியப்பட்ட பொருந்தாமை மரபணு இடங்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் இரு வடிவம் என்றாலே 64 வகை. ஐரோப்பாவின் பல பகுதிகளில் சில வகைகளே பரவியிருந்ததால் வைரஸுக்கு வழி திறந்திருந்தது. அமெரிக்கக் காடுகளில் வகைகள் ஏராளம். ஒட்டும் இடத்திலெல்லாம் செல் செத்து, கதவு சாத்திக்கொண்டது.

2016இல் ஆய்வாளர் டொனால்ட் நஸ்ஸின் குழு ஆய்வகத்தில் அந்தக் கதவையே கழற்றிப் பார்த்தது. பொருந்தாமை மரபணுக்களில் பலவற்றைச் செயலிழக்கச் செய்து, எந்த வகையோடும் ஒட்டி வைரஸைக் கொடுக்கக்கூடிய பூஞ்சை ஜோடியை உருவாக்கினார்கள். காட்டிலோ கதை இன்னும் முடியவில்லை. நோய் பட்டையைத்தான் கொல்கிறது. மண்ணுக்குள் வேரை அல்ல. அப்பலாச்சிய மலைக்காடுகளில் நூறாண்டுக்கு முன் பட்ட மரங்களின் அடியிலிருந்து இப்போதும் தளிர் கிளம்புகிறது. கை பருமனுக்கு வளர்ந்து, பட்டையில் வெடிப்பு விழும்போது பூஞ்சை மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.