வேகத்துக்கு விலை என்ன?

சாதாரண கணினிச் சில்லொன்றின் சுற்றமைப்பு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகின்றது. ஆனால், 1985 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சைலின்க்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சில்லு இதற்கு விதிவிலக்காகும். அதிலிருந்த 64 தர்க்கக் கட்டங்களையும் அவற்றிடையேயான இணைப்புகளையும் வாங்கியவரே தமது தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். மீண்டும் மாற்றியும் அமைக்கலாம். இன்றைய பெரிய சில்லுகளில் இத்தகைய கட்டங்கள் இலட்சக்கணக்கில் உள்ளன.

எனினும், அவையும் எல்லைக்குட்பட்டவையே. ஒரு பெருக்கற் சுற்று கடிகாரத் துடிப்புக்கு ஒன்றாக ஆயிரம் பெருக்கல்களைச் செய்ய 1,000 துடிப்புகள் தேவை. பத்துச் சுற்றுகள் இருப்பின் 100 துடிப்புகள் போதும். ஆனால், அவற்றுக்குப் பத்து மடங்கு இடம் செலவாகும். நினைவகம் அவ்வேகத்தில் தரவுகளை வழங்காவிடின் அச்செலவும் வீணே.

ஒரு வடிவமைப்பில் இத்தகைய தெரிவுகள் பல உண்டு. அவற்றின் சேர்க்கைகளோ ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. முன்னர் பொறியியலாளர்கள் அவற்றுள் சிலவற்றை மட்டுமே சோதிக்க முடிந்தது. இன்றோ, சி மொழியில் எழுதிய நிரலைச் சுற்றாக மாற்றும் மென்பொருட்கள் வந்துள்ளன. அவற்றின் துணையுடன் ஒவ்வொரு தெரிவுக்குமான இடத்தையும் வேகத்தையும் தானாகவே மதிப்பிட்டு, ஒன்றை இழக்காமல் மற்றதைக் கூட்ட இயலாத தெரிவுகளை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

இதனால், வன்பொருள் மொழியில் தேர்ந்த பெருங்குழு இல்லாத சிறு ஆய்வுகூடங்களுக்கும் இத்துறையின் கதவு திறக்கின்றது. ஆயினும், மின்கலத்தில் இயங்கும் மருத்துவக் கருவிக்குச் சிக்கனமா, தேடுபொறிக்கு வேகமா என்பதை இயந்திரம் அறியாது. விலையைக் கணிப்பது மென்பொருள். எதற்காக அதனைச் செலுத்துவது என்று தீர்மானிக்க வேண்டியவன் மனிதனே.