மாட்டுங்காவின் வீதிகள் ஏன் அகன்றன?

பம்பாய் மாட்டுங்காவின் மரநிழல் படர்ந்த விசாலமான வீதிகளில் நடப்பவருக்கு, 1896-ல் அந்நகரின் மாண்ட்விப் பகுதியில் தோன்றி, ஜனங்களைக் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடச்செய்த பிளேக் என்னும் மகாமாரியோடு அவ்வீதிகளுக்குச் சம்பந்தமுண்டு என்பது எளிதில் தோன்றாது. அசுத்தக் காற்றும் நெரிசலுமே நோயை வளர்க்கின்றன என்னும் அபிப்பிராயம் அந்நாளில் மேலோங்கியிருந்தமையால், 1898-ல் ஏற்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், இருண்ட சந்துகளை இடித்ததோடு, வெயிலும் காற்றும் தாராளமாகப் புகும்படி தாதர், மாட்டுங்கா முதலிய புதுக் குடியிருப்புகளையும் வகுத்தது. தென்னிந்தியக் குடும்பங்கள் பிற்பாடு அங்கே வேரூன்றின.

ஆனால் நோயைச் சுமந்தது காற்றன்று. எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகிறதென்று 1898-ல் கராச்சியில் பரிசோதித்துச் சொன்னவர் சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர். நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடித்த தெள்ளின் முன்னிரைப்பையில் கிருமிகள் பல்கி வழியை அடைத்துவிடுவதால், பசி தணியாத அப்பிராணி ஓயாமல் கடித்து, உறிஞ்சிய இரத்தத்தைக் கிருமிகளுடன் காயத்திலேயே கக்குகிறது. எலி மடிந்து அதன் உடல் குளிர்ந்ததும் மனிதனை நாடுகிறது.

காரணம் பிழையாயினும், எலிகள் அண்டுவதற்கு அரிதான வீடுகள் எழுந்தமை நன்மையே. எனினும் இடிக்கப்பட்ட சந்துகளின் ஏழைகளுக்கு ஈடான வீடுகள் போதிய அளவில் கட்டப்படாமையால், அவர்கள் பக்கத்துச் சாளுகள் என்னும் அறைவரிசைக் குடியிருப்புகளிலேயே மேலும் நெருங்கிக் குடிபுக நேர்ந்தது. எந்த நெரிசலைப் போக்கப் புறப்பட்டார்களோ, அந்த நெரிசலையே எளியோர் தலையில் சுமத்திய அந்த அநீதியை என் மனம் ஒப்பவில்லை.