பேர் வந்த பாதை – 11: அன்னம்மாளின் பேத்தி ஹன்னா

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பாட்டியின் பெயர் அன்னம்மாள் என்றால், அவர் அண்ணாமலையார் கோயிலுக்குப் போகிறவரா, சேத்துப்பட்டு மாதா கோயிலுக்குப் போகிறவரா என்று பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. எஸ்தர், ராகேல் என்றால் உடனே தெரிந்துவிடும். அன்னம்மாள் மட்டும் பிடி கொடுக்காத பெயர். அன்னலட்சுமி, அன்னபூரணி குடியிருக்கும் தெருவிலேயே வாடகைக்கு வந்து, சொந்தக்காரியாகிவிட்டவள் அவள்.

மூலப் பெயர் ஹன்னா. அருள், தயவு என்று பொருள்படும் எபிரேய வேரிலிருந்து வந்தது. அதே வேரில் பிறந்த இன்னொரு பெயர் யோகனான். கிரேக்கம், லத்தீன் என்று சுற்றி ஜான் ஆனது. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் அந்த ஜானை 'அருளப்பர்' என்று பொருளறிந்து தமிழாக்கினார்கள். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட பாதிரியார் ஜான் டி பிரிட்டோவுக்கு அருளானந்தர் என்ற பெயர் நிலைத்ததும் இதற்குப் பொருத்தம்தான். ஹன்னாவை மட்டும் ஒலியோடு விட்டுவிட்டார்கள். சோறாகவும் பறவையாகவும் தமிழில் ஏற்கெனவே இருந்த அன்னம் அவளை அணைத்துக்கொண்டது.

பழைய ஏற்பாட்டில் ஹன்னாவின், அதாவது தமிழ் பைபிள் சொல்லும் அன்னாளின் கதை சாமுவேலின் முதல் புத்தகத்தில் வருகிறது. எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. சக்களத்தியின் குத்தல் பேச்சு தாங்காமல் சீலோவில் உள்ள ஆலயத்தில் அழுது வேண்டுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறான். மனக்கிலேசத்தைக் கொட்டுகிறேன், குடிக்கவில்லை என்று அவள் நிமிர்ந்து பதில் சொல்கிறாள். யூதர்கள் நின்றபடி வாய்க்குள் சொல்லும் ஜெபத்துக்கான விதிகளைத் தால்மூத் இந்தப் பெண்ணிடமிருந்துதான் எடுக்கிறது. ஒரு மதகுரு தவறாகப் புரிந்துகொண்ட ஜெபம் பிற்பாடு எல்லோருக்கும் இலக்கணமானது!

லூக்கா சுவிசேஷத்தில் இன்னொரு அன்னாள் வருகிறாள். ஆலயத்தை விட்டு நீங்காத முதிய விதவை, தீர்க்கதரிசி. ஆனால் தமிழ்நாட்டு அன்னம்மாள்கள் பலர் பெயர் வாங்கியது மூன்றாமவளிடமிருந்து: மரியாளின் தாய். அவள் பெயர் பைபிளில் எங்கும் கிடையாது. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருச்சபை பைபிளில் சேர்க்காத ஒரு நூல்தான் அவளை அன்னா என்கிறது. கத்தோலிக்கர் ஜூலை 26-இல் அவளுக்கு விழா எடுக்கிறார்கள். குர்ஆன் அவளை இம்ரானின் மனைவி என்று மட்டுமே குறிப்பிட, இஸ்லாமிய மரபும் ஹன்னா என்றே பெயர் சொல்கிறது.

தமிழ் அச்சுக்கு இவர்கள் வந்த வழி தரங்கம்பாடி. அங்கே இருந்த டேனிஷ் மிஷனின் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் அவர் இறந்தார். அடுத்த புத்தகமே அன்னாளின் கதை. அது அவருக்குப் பின் வந்த சூல்ட்சேயின் கைக்குப் போனது. பின்னாளில் டேனிஷ் மிஷன் திருவண்ணாமலைக்கும் வந்தது. அந்தப் பெயரில் பள்ளி இன்றும் நடக்கிறது.

மலையாள தேசத்து சிரியன் கிறிஸ்தவர்களிடம் அன்னா, அன்னம்மா இல்லாத குடும்பம் அபூர்வம். 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆகி, 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானவர் அன்னா சாண்டி. 1951-இல் ஐ.ஏ.எஸ். தேர்வாகிச் சென்னை மாநிலத்துக்கு வந்து, ஓசூரில் சப்-கலெக்டராக இருந்தவர் அன்னா ராஜம். கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் என்று அவருடைய நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது.

இவர்களில் அன்னா மணியின் கதை தனி. 1918-இல் பீருமேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளில் வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுக்க, அது வேண்டாம், பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் வேண்டும் என்றார். பிற்பாடு பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் நிறமாலையைத்தான் ஆராய்ந்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் வானிலைத் துறைக்குப் போய், இறக்குமதியை நம்பியிருந்த கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். நஷ்டம் பல்கலைக்கழகத்துக்குத்தான்.

அமெரிக்காவில் 1998 முதல் 2000 வரை பெண் குழந்தைப் பெயர்களில் ஹன்னாவுக்கு இரண்டாம் இடம். அந்த அலை இங்கேயும் அடித்தது. பாட்டி அன்னம்மாள், அம்மா அன்னமேரி, பேத்தி ஹன்னா என்று மூன்று தலைமுறையில் பெயர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. என்ன, ஹன்னாவுக்கு இப்போது மதம் தெரிந்துவிடுகிறது.

அன்னா என்று வைக்கிறவர்களுக்கு ஒரு சொல். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் தட்டச்சு செய்கிறவர் கை தானாகவே 'அண்ணா'வுக்குப் போகும். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சான்றிதழை வாங்கிய கையோடு அந்த 'ன்'னை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: சாராள்)