சீட்டில் எழுதிய 20, உடலுக்குள் 20 ஆகச் செல்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், அறுபது வயதைக் கடந்த ஒருவர் தம் மகளுடன் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்காகக் காலையில் 20 யூனிட் கலப்பு இன்சுலினைப் பேனா மூலம் போட்டுக்கொண்டிருந்தவர். செலவு கருதி, அண்மையில் குப்பி இன்சுலினுக்கு மாறியிருந்தார். வீட்டில் முன்பே இருந்த ஆரஞ்சு நிற மூடியுள்ள சிரிஞ்சுகளால், அதே 20 என்ற கோடு வரை மருந்தை எடுத்துப் போட்டுவந்தார். அவரது சர்க்கரை அளவு 300-ஐத் தாண்டியிருந்தது. உணவில் மாற்றம் இல்லை. ஊசியைத் தவறவிடவும் இல்லை. எனவே இன்சுலின் போதவில்லை என்று கருதி, அளவை 30 யூனிட்டாக உயர்த்தி எழுதினேன். எந்தச் சிரிஞ்சால் போடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் சிரிஞ்சுகள் தீர்ந்தன. மகள் கடைக்குச் சென்று, குப்பியைக் காட்டி, அதற்குரிய சிவப்பு நிற மூடியுள்ள சிரிஞ்சுகளை வாங்கிவந்தார். சீட்டில் இருந்தபடி 30 யூனிட் போட்டார். அன்று முற்பகல் 11 மணியளவில் தந்தை வியர்த்துக் கொட்டியபடி திண்ணையில் அமர்ந்து, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மையார் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தப்பித்தார்.

மகள் செய்ததில் பிழையில்லை. சொல்லப்போனால், அன்றுதான் முதன்முறையாகச் சரியான சிரிஞ்சு பயன்படுத்தப்பட்டது. அதுவரை சீட்டில் எழுதிய எண்ணும் உடலுக்குள் சென்ற அளவும் வெவ்வேறாக இருந்தன என்பதை வீட்டாரும் அறியவில்லை, நானும் அறியவில்லை. இன்சுலின் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: எழுதிய அளவுதான் உள்ளே செல்கிறதா?

குப்பியும் சிரிஞ்சும் பொருந்த வேண்டும்

நம் நாட்டில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் செறிவு கொண்டது. ஒரு மி.லி.க்கு 100 யூனிட் செறிவுள்ள குப்பிகளும் உண்டு. பேனாவில் இருப்பது பொதுவாக 100 யூனிட் செறிவு. அதைவிடச் செறிவு மிகுந்த பேனாக்களும் வந்துள்ளன. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. இரண்டிலும் 20 என்ற எண் இருக்கும். ஆனால் அந்தக் கோடு வரை நிரம்பும் மருந்தின் கன அளவு வேறு.

மேற்சொன்ன பெரியவருக்கு நேர்ந்ததைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு 0.2 மி.லி. அதில் 40 யூனிட் செறிவுள்ள மருந்தை எடுத்தால் கிடைப்பது 8 யூனிட் மட்டுமே. நான் 30 ஆக உயர்த்தியபோதும் அவருக்குச் சென்றது 12 யூனிட். சிரிஞ்சு மாறிய அன்று அது ஒரேயடியாக 30 ஆயிற்று. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: 100 யூனிட் செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், 50 யூனிட் உள்ளே சென்றுவிடும்.

ஆகவே புதிய குப்பி வாங்கும் ஒவ்வொரு முறையும், அதன்மேல் அச்சிட்டுள்ள 40 அல்லது 100 என்ற எண்ணையும், சிரிஞ்சின் மேலுள்ள எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பேனாவில் உள்ள மருந்தை எக்காரணம் கொண்டும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கக் கூடாது. வெகுநாள் தவறான சிரிஞ்சைப் பயன்படுத்தி வந்ததாகத் தெரிந்தால், உடனே சிரிஞ்சை மட்டும் மாற்றிவிட்டு அதே எண்ணைத் தொடர வேண்டாம்; அடுத்த ஊசிக்கு முன்னர் மருத்துவரிடம் பேசி அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வெயிலில் வீரியம் இழக்கும் மருந்து

இன்சுலின் ஒரு புரதம். வெப்பத்திலும் உறைநிலையிலும் அது தன் வீரியத்தை இழக்கும். பார்வைக்கு மாற்றம் தெரியாமலே இழக்கக்கூடும். திறக்காத குப்பிகளையும் பேனாக்களையும் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். உறைவிப்பான் அறையிலோ அதை ஒட்டியோ வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின்னரும் பயன்படாது.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினை, அறை வெப்பம் 30 டிகிரிக்குள் இருந்தால், வெளியிலேயே ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். சரியான கால அளவு மருந்துக்கு மருந்து மாறுவதால் உள்ளிருக்கும் தாளைப் பாருங்கள். திறந்த தேதியைக் குப்பியின்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊர்களில் அறை வெப்பம் 30 டிகிரிக்குள் நிற்பதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், குப்பியை நீர் புகாத சிறு டப்பாவில் இட்டு, தண்ணீருள்ள மண்பானைக்குள் மிதக்கவிட்டு, நிழலில் வைக்கலாம். வெயிலில் நிற்கும் காரிலோ, இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியிலோ இன்சுலினை விட்டுச் செல்லாதீர்கள்.

கலங்கலான இன்சுலினைச் சீராகக் கலத்தல்

கலப்பு இன்சுலின் பால்போல் கலங்கலாக இருக்கும். நெடுநேரம் அசையாமல் வைத்திருந்தால் அதன் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். கலக்காமல் எடுத்தால், ஒரு நாள் வீரியம் குறைந்தும் மற்றொரு நாள் மிகுந்தும் செல்லும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டுங்கள். பின்னர் பத்து முறை மேலும் கீழுமாக மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வேகமாகக் குலுக்க வேண்டாம். கலக்கிய பிறகும் கட்டிகளோ, கண்ணாடிச் சுவரில் வெண்துகள்களோ ஒட்டியிருந்தால் அதனை விலக்குங்கள். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும் அவ்வாறே.

ஊசி போடும் இடம்

வயிறு, தொடையின் வெளிப்புறம், மேற்கையின் பின்புறம், பிட்டம் ஆகியவை உகந்த இடங்கள். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள்.

ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்து, ரப்பர் போன்ற வீக்கம் உண்டாகும். அங்கே வலி குறைவு என்பதால் பலர் அந்த இடத்தையே விரும்புவர். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்கும். வாரம் ஒருமுறை விரல்களால் தடவிப் பாருங்கள். வீக்கத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு கூடுதலாக வேலை செய்யக்கூடும். சிரிஞ்சு மாறிய கதைதான் இதுவும். எனவே மாறுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்.

பேனா பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் புதிய ஊசியைப் பொருத்தி, 2 யூனிட் திருப்பி, ஊசிமுனையை மேல்நோக்கிப் பிடித்து அழுத்த வேண்டும். துளி தெரிந்தால்தான் காற்று வெளியேறியது என்று பொருள். மருந்தைச் செலுத்தியபின் பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை வெளியே எடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் மருந்து வெளியே கசியும். ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைக்காமல் கழற்றிவிடுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே மருந்து என்றாலும் ஒரே பேனாவைப் பகிரக் கூடாது. ஊசியை மாற்றினாலும், இரத்தத் துகள்கள் பேனாவுக்குள் ஏறியிருக்க வாய்ப்புண்டு.

ஊசிகள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு உரியவை. செலவு கருதிச் சிலர் மீண்டும் பயன்படுத்துகின்றனர் என்பதை அறிவோம். அவ்வாறு செய்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கடிந்துகொள்ள மாட்டோம், வழி தேடுவோம். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிரம்பியதும் மருத்துவமனையில் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையில் எறிந்தால் குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் அது குத்தும்.

அளவு சரி; உணவு வரவில்லை

20 யூனிட் சரியாகவே உள்ளே சென்றாலும், அதற்கு ஈடான உணவு வராவிட்டால் சர்க்கரை தாழும். சில கலப்பு இன்சுலின்களை உணவுக்கு அரை மணி நேரம் முன்னரும், வேறு சிலவற்றை உண்ணும் வேளையிலும் போட வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருமண வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு பந்திக்குக் காத்திருந்து மயங்கியோர் உண்டு. இடம் கிடைப்பது உறுதியான பின்னரே போடுங்கள். விரதம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே சொல்லுங்கள். அளவை மாற்றித் தர இயலும்.

இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே செல்வதையே ‘லோ சுகர்’ என்கிறோம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பார்வை மங்கல், காரணமற்ற சினம், குழப்பமான பேச்சு ஆகியன அறிகுறிகள். உறக்கத்தில் கெட்ட கனவும் வியர்வையில் நனைந்த உடையும் அறிகுறிகளாகலாம். நீண்ட காலம் நோயுற்றோருக்கு இவை எவையும் தோன்றாமலே குழப்பம் ஏற்படக்கூடும். அதை முதலில் கவனிப்பவர் வீட்டில் உள்ளவரே.

உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரைத் தம்ளர் நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 70-க்கு மேல் ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். ஏறியபின் இட்லி, ரொட்டி போன்ற ஏதேனும் உண்ணச் செய்யுங்கள். அகார்போஸ், வோக்ளிபோஸ் ஆகிய மாத்திரைகளை உட்கொள்வோருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவாகப் பயனளிக்காது. அவர்கள் குளுக்கோஸ் பொடியையே கையில் வைத்திருக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். இன்சுலினுடன் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையும் உட்கொள்பவருக்குச் சர்க்கரை மீண்டும் தாழக்கூடும். தெளிந்துவிட்டார் என்று தனியே விடாதீர்கள்.

காய்ச்சல், வாந்தி உள்ள நாளில் இன்சுலினைத் தாமாக நிறுத்திவிடுவது தவறு. உண்ணாமலே முழு அளவைப் போடுவதும் தவறு. சர்க்கரையை அடிக்கடி சோதித்து, அந்த எண்களுடன் எங்களை அழையுங்கள். மற்றொன்று: உணவும் மருந்தும் மாறாதிருக்க, சர்க்கரை தானாகக் குறையத் தொடங்கினால் மகிழ்ந்துவிட வேண்டாம். சிறுநீரகச் செயல்பாடு குறையும்போது இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கும். அது பரிசோதிக்க வேண்டிய அடையாளம்.

அடுத்த வருகையின்போது

இன்சுலின் தொடங்குவது நோய் முற்றியதற்கோ, நீங்கள் தவறியதற்கோ அடையாளம் அன்று. கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவது இந்நோயின் இயல்பு. குறைந்ததை வெளியிலிருந்து தருகிறோம், அவ்வளவே.

அந்தப் பெரியவருக்குப் பின்னர் சரியான சிரிஞ்சுடன் 18 யூனிட்டே போதுமானதாயிற்று. அன்று முதல், சர்க்கரை கட்டுப்படவில்லை என்று வரும் எவருக்கும், அளவை உயர்த்துவதற்கு முன், அவர் பயன்படுத்தும் குப்பியையும் சிரிஞ்சையும் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் அடுத்த முறை வரும்போது குப்பி அல்லது பேனா, சிரிஞ்சு, சர்க்கரை அளவு குறித்த நோட்டு ஆகியவற்றை ஒரு பையில் எடுத்து வாருங்கள். வீட்டில் ஊசி போடுபவர் மகளோ, மருமகளோ, பேரனோ எவராயினும் அவரையும் அழைத்து வாருங்கள். எங்கள் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை மருந்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும், ‘இந்தக் குப்பிக்கு இந்தச் சிரிஞ்சு சரியா?’ என்று நீங்கள் கேளுங்கள்.